ஆர்ச்சி இன்றைக்கு என்ன நிறம்?

வளர்ப்புப் பிராணிக் கடையில் நிற்பவனுக்கு ஒரு தலையிடி உண்டு: வருத்தக்காரர், அதாவது நோயாளி, வாய் திறக்கமாட்டார், அவரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் வாய் மூடமாட்டார். நடுவில் நின்று முழுசுகிற சாதி நாங்கள். நீங்களும் அப்படி எங்காவது நின்று முழுசியிருந்தால் பக்கத்தில் வந்து இருங்கள், இந்தக் கதை உங்களுக்குத்தான் விளங்கும்.

சிவப்பு மீன்

யாழ்ப்பாணத்தில் நான் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். எண்பதுகளில் ஓடி வந்த குளிர் நாட்டில் கிடைத்தது, ஏவன்டேல் மெயின் ரோட்டில் மொய்ரா என்ற வெள்ளைக்கார அம்மாவின் பிராணிக் கடை. என்னிடம் ஒரு குறை இருக்கிறது. சிவப்பு, பச்சை, மண்ணிறம் மூன்றும் என் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஊரில் றெயில்வே கார்ட் வேலை கை நழுவிப் போனதும் இதனால்தான். மொய்ரா என்னிடம் "எலிக்குப் பயமா?" என்று மட்டும் கேட்டார். நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் கிழமையே ஒரு அம்மா வந்து சிவப்பு மீன் கேட்டார். நான் துடிதுடிப்பான ஒன்றாகப் பார்த்துப் பிடித்துப் பையில் கட்டிக் கொடுத்தேன். அவர் பையை வெளிச்சத்தில் தூக்கி மீனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கடைசியில் பையைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "இது மண்ணிறம். பரவாயில்லை, என் புருஷனும் ஒன்றையும் கவனிக்கிறதில்லை."

மூன்று நிறச் சட்டம்

வடக்கே யாரோ நடத்திய சிறிய மிருகப் பூங்கா ஒன்று மூடப்பட்டபோது, அரசாங்கக் கடிதத்தோடு ஒரு பச்சோந்தி மொய்ராவிடம் வந்து சேர்ந்தது. பெயர் ஆர்ச்சி. விற்பதற்கு அல்ல, செல்லப்பிள்ளை. கம்பி வலைக் கூட்டுக்குள் நாலு செடி, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு மின்குமிழ். அவர் ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் வாசலையும் பார்த்துக்கொண்டிருப்பார். வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, மொய்ராவுக்கு இடுப்பு எலும்பு ஒபரேஷன் என்று ஆசுபத்திரியில் கூப்பிட்டு விட்டார்கள். மூன்று கிழமைக்கு ஆர்ச்சி என் பொறுப்பு.

எனக்கு நிரந்தர வதிவிடம் கிடைக்க முதலாளியின் கடிதம் வேண்டும். அது கிடைத்தால்தான் ஷெல்லடிக்குள் இருக்கும் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். திரும்பி வந்ததும் கையெழுத்துப் போடுவதாக மொய்ரா சொல்லியிருந்தார். ஆர்ச்சிக்கு ஏதும் நடந்தால் அந்தக் கை எழுதுமா? நோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். மொய்ரா விரல் விட்டு எண்ணிச் சொன்னார். பச்சை என்றால் சுகம், மண்ணிறம் என்றால் எனக்குச் சொல்லு, கறுப்பு என்றால் மிருக வைத்தியர். நான் பேயறைந்தவன் மாதிரி நின்றதைப் பார்த்து என் தோளில் தட்டினார்: "நாதன், உனக்குக் கண் இருக்கிறதுதானே, வேறென்ன வேண்டும்?"

ஆளுக்கொரு பச்சை

ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு ஆசுபத்திரியிலிருந்து ரெலிபோன் வரும். கேள்வி ஒன்றுதான்: ஆர்ச்சி இன்றைக்கு என்ன நிறம்? ஸ்டெல்லா வருகிற நாள்களில் பிரச்சினை இல்லை. ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழ்ப் பிள்ளை, மீன் பகுதியில் நிற்பவள். கதைவாக்கில் கேட்டுவிடுவேன். அவள் கிழமைக்கு மூன்று நாள்தான் வருவாள். மற்ற நாள்களில் வாடிக்கையாளர்களைப் பிடிப்பேன். "எங்கள் ஆர்ச்சி இன்றைக்கு எப்படி இருக்கிறார், பாருங்கள்!" என்று இளித்துக்கொண்டு கேட்பேன்.

ஒருவர் பச்சை என்றார். அவருடைய மனைவி, "இல்லை, காக்கி" என்றார். இருவரும் கூட்டுக்கு முன்னால் நின்று சண்டை பிடித்தார்கள். எனக்கு மண்டை காய்ந்து போய்விட்டது. பறவைத் தீன் வாங்க வந்த ஒரு கிழவரை நடுவராகக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, நிதானமாகப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "அப்படியே எங்கள் வீட்டு சோபா நிறம், ஆனால் சோபாவை நாங்கள் எறிந்துவிட்டோம்."

பச்சையான வருத்தம்

இரண்டாம் கிழமை ஆர்ச்சியின் முகத்தில் ஏதோ பிழையாகத் தெரிந்தது. நிறம் எனக்கு எப்படித் தெரியும்? கண்தான் தெரிந்தது. உருண்டையாகப் பிதுங்கி நின்ற கண்கள் குழிக்குள் போயிருந்தன. பட்டப்பகலில் மூடிக்கொண்டு இருந்தார். மூக்குக்கு முன்னால் வெட்டுக்கிளி நடந்து போகிறது, நாக்கு வெளியே வரவில்லை. கையில் எடுத்தால் விரலைச் சிக்கெனப் பிடிக்கிறவர், பிடி தளர்ந்து சரிந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பச்சையாத்தானே இருக்கு அண்ணே, அப்புறம் என்னா லா?" என்றாள்.

எந்தக் கோதாரியை நம்புவது? சட்டப்படி ஆர்ச்சி சுகம், என் கண்ணுக்கு ஆர்ச்சி சாகிறார். பத்து மணிக்கு மொய்ராவிடம் "பச்சை" என்றேன். அது உண்மைதான். ஆனாலும் பொய் சொன்னது போல இருந்தது. பிறகு மிருக வைத்தியருக்கு ரெலிபோன் அடித்தேன். அவரும் முதலில் நிறத்தைத்தான் கேட்டார். கண் குழி விழுந்ததைச் சொன்னேன். அந்த மனுஷன் நேர்மையானவர்: "உண்மையைச் சொன்னால், நான் மாட்டுக்கும் நாய்க்கும்தான் படித்தேன்."

தீட்டு

அன்றைக்கென்று பார்த்துக் கடை ஹீற்றரும் செத்துப்போனது. ஸ்டெல்லா வீட்டில் மூன்று பூனை. வேறு வழியில்லாமல் கூட்டைக் கம்பளியால் சுற்றி, நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்காரி பரமேஸ்வரி அக்கா ஆசாரமான சைவம். குசினிக்குள் முட்டைகூட வரக்கூடாது. கதவைத் திறந்தவர் இரண்டடி பின்னால் போனார். "தம்பி, உமக்கு விசரே? உந்தக் கண்டறியாத ஓணானைச் சாமியறைப் பக்கம் கொண்டு வாறீர்!" கடிதத்தைச் சொன்னேன், பிள்ளையைச் சொன்னேன், அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். கடைசியில், "சரி, தீட்டுக் கழிச்சுப்போட்டு வையும்" என்று வழி விட்டார்.

செம்பில் மஞ்சள் தண்ணீரும், பின்வளவு எலுமிச்சை மரத்தில் முறித்த கொப்புமாக வந்து, வாசல், விறாந்தை, என் தலை, ஆர்ச்சியின் கூடு எல்லாவற்றுக்கும் தெளித்தார். கூட்டுச் செடியின் இலைகளில் துளி துளியாகத் தண்ணீர் நின்றது. ஆர்ச்சி ஒரு கண்ணைத் திறந்தார். மெதுவாகக் கழுத்தை நீட்டி ஒரு துளியைக் குடித்தார். பிறகு இன்னொன்று. பிறகு அடுத்த இலை. அக்கா தெளிக்கத் தெளிக்க அரை மணித்தியாலம் குடித்தார். கிண்ணம் நிறையத் தண்ணீர் காலடியில் கிடக்கிறது, அது தண்ணீர் என்று அவருக்குத் தெரியவே தெரியாது! இலையில் நின்றால்தான் அவருக்கு அது தண்ணீர். இத்தனை நாளும் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. தீட்டுக் கழிக்க வந்த அக்கா செம்பைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்து உறுமினார்: "விடாய் எண்டு சொல்ல வாயில்லாத சீவன் தம்பி, கிண்ணத்தைக் காட்டிக் காட்டியே கொல்லப் பாத்திருக்கிறியள்!"

அதற்குப் பிறகு காலையும் மாலையும் பூசை முடிந்த கையோடு அக்கா வெறும் தண்ணீர் தெளித்தார். காலையில் அவர் சொல்லும் பச்சையைத்தான் பத்து மணிக்கு மொய்ராவிடம் ஒப்புவித்தேன். நாலாம் நாள் கண்கள் பழையபடி பிதுங்கின. ஐந்தாம் நாள் நாக்கு வெளியே வந்து ஒரு வெட்டுக்கிளி உள்ளே போனது. அது வெள்ளிக்கிழமை. அக்கா காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்: "வெள்ளிக்கிழமையில இந்த வீட்டில மச்சம் மாமிசம் இல்லை, கராஜுக்குக் கொண்டுபோய்க் குடும்!"

கையெழுத்து

மொய்ரா ஊன்றுகோலோடு கடைக்குத் திரும்பிய காலை, நான் ஆர்ச்சியைக் குளிருக்குள் தூக்கிக்கொண்டு நடந்து வந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் முகம் விழுந்து போனது. "நாதன், இவன் கறுத்துப்போய் இருக்கிறான். நீ ஒவ்வொரு நாளும் பச்சை என்றாயே!" எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இனி மறைத்து என்ன? என் கண்ணின் குறையைச் சொன்னேன். சோபாக் கிழவரைச் சொன்னேன். குழி விழுந்த கண்ணையும், தளர்ந்த பிடியையும், அக்காவின் எலுமிச்சைக் கொப்பையும் சொன்னேன். மொய்ரா விரலை நீட்டினார். ஆர்ச்சி சிக்கெனப் பிடித்தார். இலையில் தண்ணீர் தெளித்துக் காட்டினேன், குடித்தார். குமிழ் வெளிச்சத்தில் கால் மணித்தியாலம் குளிர்காய்ந்ததும் ஸ்டெல்லா கையைத் தட்டினாள், பச்சையாகிவிட்டாராம். குளிருக்குத்தான் கறுத்திருக்கிறார். அது எங்கள் மூன்று பேருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

மொய்ரா மேசை லாச்சியைத் திறந்து, ஏற்கெனவே தட்டெழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்தார். அவர் பேனையைத் தேடிய நேரம் எனக்கு ஒரு யுகம். எழுதி முடித்து என் பக்கம் தள்ளினார்: "கையெழுத்துப் போட்டாச்சு. ஆனால் சிவப்பு மீன் கேட்டு வருகிறவர்களை இனி ஸ்டெல்லா பார்க்கட்டும்."

என் மனைவி மகளோடு வந்திறங்கிய அன்று என்ன நிறச் சேலை உடுத்திருந்தார் என்று சொல்லத் தெரியாமல் இன்றைக்கும் வீட்டில் பேச்சு வாங்குகிறேன், ஆனால் கூட்டத்துக்குள் அவர் கண் குழி விழுந்திருந்ததைக் கண்டு, ஒரு வார்த்தை கதைக்க முதல் தண்ணீர் நீட்டியவன் நான்தான்.