முதல் பீரியட் கணக்கு

மின்வெட்டுக் காலம் அது. எங்கள் பக்கத்துப் பனியன் கம்பெனிகளுக்கு விடியற்காலையில் கரண்ட் வந்தால் பத்து மணிக்குப் போய்விடும். அதுவரை அம்மா தைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறைக் கத்தரியால் வெட்டுவேன். நடுவில் எழுந்து போனால் முதலாளி அம்மாவையும் சேர்த்து அனுப்பிவிடுவார். பள்ளிக்கூட மணியோ ஒன்பதரைக்கே அடித்துவிடும். தாமதமாக வரும் கம்பெனிப் பிள்ளைகள் முதல் பீரியட் முடியும்வரை வெளியே நிற்க வேண்டும்.

முதல் பீரியட் கணக்கு. காலையில்தான் மூளை தெளிவாக இருக்கும் என்று கணக்கு டீச்சரே அதைக் கேட்டு வாங்கியிருந்தார். எல்லாம் எங்கள் நன்மைக்குத்தான்! கம்பெனிப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது என்று பள்ளிக்கூடமே நம்பியது. நானும் நம்பினேன். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அதுதான்.

அப்போது பள்ளியிறுதி வகுப்பான பதினோராம் வகுப்பில் செலக்‌ஷன் தேர்வு. தேறினால்தான் அரசுப் பரீட்சைக்கு அனுப்புவார்கள். முந்தின வருஷம் வகுப்புக்கு வெளியே என் பக்கத்தில் நின்ற, ஒரு வகுப்பு மேலே படித்த அக்கா அதில் தேறவில்லை. கல்யாணம் செய்து காங்கேயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த முறை கணக்கில் நாங்கள் அத்தனை பேரும் ஃபெயில். எனக்கும் வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு ஆரம்பித்தது.

புதிதாக வந்த தலைமையாசிரியர், வெளியே நிற்பவர்களும் ஃபெயிலானவர்களும் ஒரே பிள்ளைகள் என்பதைப் பார்த்துவிட்டார். மறுதேர்வு உண்டு என்றார். டீச்சரையும் முதலாளியையும் எங்கள் அம்மாக்களையும் ஒன்றாக உட்கார வைத்தார். நாங்கள் ஜன்னலோரம் நின்றோம். யாராவது முறைத்துக்கொண்டு எழுந்தால் அம்மாவுக்கு வேலை போகும், எனக்குப் படிப்பு போகும்.

"கரண்ட் இருக்கறப்ப ஆளை உட்டா எம்பட பொழப்பு என்னாகறதுங்க?" என்றார் முதலாளி.

"பிசிறு வெட்டக் கரண்ட் எதுக்குங்க?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

முதலாளியின் முகம் சிவந்தது. அம்மா சட்டென்று எழுந்தாள். "கரண்ட் போனதுக்கப்பறம் நாங்களே உக்காந்து வெட்டித் தர்றமுங்க சாமி. புள்ளைகளை மட்டும் ஒம்போது மணிக்கு உட்டுருங்க."

முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "செரி, உடறனுங்க" என்றார். எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். ஒரு நாள் தாமதமானாலும் விட்டுப்போகாதபடி கணக்கை மூன்றாவது பீரியடுக்கு மாற்ற அவர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். ஆனால் சம்மதித்த பிறகு மனுஷி சும்மா இருக்கவில்லை. விட்டுப்போன பாடத்தையெல்லாம் தினமும் சாயங்காலம் எங்களுக்குச் சொல்லித் தந்தார்.

மறுதேர்வில் தேறினேன். விடைத்தாளைக் கொடுக்கும்போது, "இத்தனை நாளா எங்க இருந்த கண்ணு?" என்றார் டீச்சர்.

"வெளியில நின்னுட்டு இருந்தனுங்க டீச்சர்."

வேண்டுமென்றேதான் சொன்னேன். அவர் கதவுப் பக்கம் பார்த்தார். குரல் இறங்கிப்போய், "போன வருஷம் உன் பக்கத்துல ஒருத்தி நிப்பாளே?" என்று கேட்டார்.

"காங்கேயத்துல இருக்கறாங்க டீச்சர். கைக்குழந்தை இருக்குதுங்க."