எட்டுக் கட்டமும் ஒரு கமாவும்

கோயமுத்தூர் ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கருப்புசாமி முதலாளியின் அச்சாபீஸ் இருந்தது. அங்கே பதினெட்டு வருஷமாக நின்றபடியே எழுத்துக் கோர்த்தவர் வெள்ளியங்கிரி. அப்பன் மதுக்கரையில் சுண்ணாம்புக் கல் உடைத்தவர். மகனுக்கு நாலாம் வகுப்புவரைதான் கொடுத்து வைத்தது. அந்த நாலு வகுப்பை வைத்துக்கொண்டு ஈய எழுத்தோடு ஒட்டிக்கொண்டார்.

அவர் கோர்த்ததெல்லாம் நோட்டீஸ். நாடக நோட்டீஸ், கோயில் நோன்பு நோட்டீஸ், ஆடி பிறந்தால் அந்தியூர் மாட்டுச் சந்தை நோட்டீஸ். சுவரில் ஒட்டுவார்கள், ஒரு மழை வந்தால் கரைந்துபோகும். ஒரு புத்தக வேலையாவது தன் கையால் ஆக வேண்டும் என்று அவருக்கு ஆசை. புத்தகம் என்றால் வாங்கினவன் பெட்டியில் வைத்துப் பூட்டுவான் அல்லவா.

முப்பத்தாறாம் வருஷம் புரட்டாசியில் அது வந்தது. கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு பண்ணையத்து வீட்டுப் பையன், பொங்கியண்ணன் என்று பெயர், காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அங்கே மாணவர்கள் நடத்திய சங்கீத சங்கத்துக்கு அவன் காரியதரிசி. சங்கத்துக்கென்று ஒரு பத்திரிகை போட வேண்டும், சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் தேவி முன்னால் இருக்க வேண்டும் என்றான்.

முதலாளி அவனை உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"இதா பாரப்பா வெள்ளியங்கிரி. புத்தக வேலைக்கு மெட்ராஸ்லிருந்து ஒரு ஆளக் கூட்டியாரலாம்னு கடுதாசி எழுதி வெச்சிருக்கறேன். இதை நீ சுத்தமாச் செஞ்சுபோட்டீன்னா கடுதாசி போகாது. தப்பு வந்துச்சுன்னா நீ மறுக்கா மாட்டு நோட்டீசுதான்."

வெள்ளியங்கிரி தலையை ஆட்டினார்.

பொங்கியண்ணன் மெட்ராஸ் சங்கீதப் பத்திரிகைகள் மூன்றைக் கொண்டுவந்திருந்தான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தார் வெள்ளியங்கிரி. மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்போல இருந்தன. அட்டையில் பூ வேலைச் சட்டத்துக்குள் வீணையோடு சரஸ்வதி. திருப்பினால் ஒரு வித்வானின் போட்டோ, அடியில் நாலு வரி புகழ்ச்சி. அப்புறம் தலையங்கம், ஒரு ராகத்தைப் பற்றிக் கட்டுரை, சுரம் போட்ட பாட்டு, வாசகர் கடிதம். பின்னட்டையில் கிராமபோன் விளம்பரம்.

"இதே மாதிரி இருக்கோணுமுங்க அண்ணா. பார்த்த ஒடனே சங்கீதப் பத்திரிகைன்னு தெரியோணும்."

அண்ணா என்ற சொல் வெள்ளியங்கிரியின் காதிலேயே நின்றது. பண்ணையத்து வீட்டிலிருந்து வந்த எவரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"சரஸ்வதி படம் அடிக்கிற நம்ம பிளாக் தேஞ்சு கெடக்குதுங்க தம்பி. வீணையில பாதியக் காணோம்" என்றார்.

முன்னறையிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார்: "காளை பிளாக்கு புதுசா இருக்குதப்பா!"

"காளைய வெச்சா சங்கத்துல என்னை முட்டித் தள்ளிப்போடுவாங்க" என்று பையன் சிரித்தான். சரஸ்வதிக்குப் புது பிளாக் செய்ய ஏற்பாடாயிற்று.

கட்டுரையும் கடிதமும் நாலு நாளில் முடிந்தன. பிறகு சுரப் பாட்டு, எட்டுப் பக்கம். கைப்பிரதியைப் பார்த்ததும் வெள்ளியங்கிரிக்குப் பையன்மேல் இரக்கம் வந்தது. எழுத்துக்கு எழுத்து கமா, செமிகோலன். கோழிக்குத் தவிடு இறைத்ததுபோல இறைத்து வைத்திருந்தான். காலேஜ் படித்தும் கை நிதானம் இல்லையே என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, ஓரத்துக்கு ஓரம் வரி நிறைய, அழகாகக் கோர்த்தார். அதுதானே நல்ல வேலைக்காரனுக்கு அடையாளம்.

பூஜைக்கு ஒன்பது நாள் இருக்கையில் பிழை பார்க்கப் புரூப் போட்டார். பொங்கியண்ணன் கையால் தாளம் தட்டி முதல் வரியைப் பாடினான். எட்டுத் தட்ட வேண்டியது ஐந்திலேயே தீர்ந்துவிட்டது. இரண்டாவது வரி ஆறில் முடிந்தது. பையன் தாளத்தை நிறுத்தினான்.

"கமாவெல்லாம் எங்கீங்கண்ணா?"

"தப்பா உழுந்ததுன்னு எடுத்துப்போட்டேனுங்க."

"அய்யோ, அது சுரம் நிக்கிற எடமுங்க. கமான்னா ஒரு எண்ணிக்கை நிக்கோணும், செமிகோலன்னா ரெண்டு."

அந்த நேரம் பார்த்து முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னுங்க தம்பி, புரூப்பு எப்படி?"

வெள்ளியங்கிரி கையிலிருந்த கோர்ப்புச் சட்டத்தைக் கீழே வைத்தார். பதினெட்டு வருஷமும் அதோடு சேர்ந்து கீழே இறங்கியதுபோல இருந்தது. பையன் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தான்.

"நல்லா வந்திருக்குதுங்க. நாந்தான் சுரத்தைச் சரியா எழுதிக் கொடுக்கலீங்க. எட்டுப் பக்கமும் மாத்தோணும்."

"காலேஜுப் புள்ளைங்களே இப்படித்தான்" என்று முனகிக்கொண்டு முதலாளி போய்விட்டார். வெள்ளியங்கிரி கைப்பிரதியை எடுத்துக் கண்ணெதிரே நிறுத்திக்கொண்டார். பழைய பக்கங்களைக் கலைக்க ஆரம்பித்தார்.

மறுபடி கோர்க்கையில் வேறொரு தொல்லை. ஓர் எழுத்து அகலம், ஓர் எழுத்து ஒடுக்கம். எண்ணிக்கைக்கு நேராக எண்ணிக்கை நிற்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, மூலையில் கட்டி வைத்திருந்த அந்தியூர்ச் சந்தை நோட்டீஸை எடுத்துவந்தார். மாட்டின் பல்லும் சுழியும் ஈன்ற கணக்கும் கட்டம் கட்டமாகப் போட்ட அட்டவணை அது. அதேபோல வரிக்கு எட்டுக் கட்டம் அளந்தார். ஒரு கட்டத்துக்கு ஓர் எண்ணிக்கை. செமிகோலனுக்கு இரண்டு கட்டம். கோடு வைக்காமல் அளவு மட்டும் வைத்தார். சுரமும் அதன்கீழ்ப் பாட்டும் நட்ட நாற்றுப்போல நின்றன. எழுத்துப் பெட்டியில் கமாவுக்கான அறை காலியாகிவிட்டது. இரண்டு பக்கம் அடிப்பார், கலைப்பார், அதே கமாக்களை எடுத்து அடுத்த இரண்டு பக்கம் கோர்ப்பார்.

பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் கடைசிப் பக்கம். மூன்றாம் வரியில் ஒரு கட்டம் காலியாக நின்றது. கைப்பிரதியை மூன்று தரம் எண்ணினார். ஏழுதான் இருந்தது. ஒரு தரம் தன் புத்தியைக் காட்டிப் பட்டது போதாதா? இருக்கிறபடியே அடித்துவிட்டால் கேட்பவர் இல்லை. ஆனால் அந்தப் பாட்டைக் கொடுத்தவர், இந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்துப் போட்டோவில் இருக்கும் வித்வான். பாட்டு நொண்டினால் பையன் தலைதான் குனியும். பக்கத்தில் நின்ற பையனிடம் கைப்பிரதியை நீட்டினார்.

"ஏனுங்க தம்பி, நான் தொடலீங்க. இங்க ஒரு கட்டம் காலியா நிக்குது. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பொங்கியண்ணன் பாடினான். நிறுத்தினான். மறுபடி பாடினான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"கமாவ வுட்டுப்போட்டேனுங்கண்ணா! அன்னைக்கு முதலாளிகிட்டச் சொன்னது பொய்யுங்க. இது நெசமாலுமே என்னோட தப்பு."

இருவரும் சிரித்த சிரிப்பில் முதலாளி என்னவோ என்று வந்து பார்த்தார். அச்சான பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். மறுநாள் காலை பூஜைக்குப் புத்தகம் போனபிறகு, மெட்ராஸ் கடிதத்தைக் கிழித்து மை துடைத்த குப்பையோடு போட்டார்.

அதற்குப் பிறகு வெள்ளியங்கிரி கையால் எத்தனையோ புத்தகம் வந்தது. அவர் பெட்டியில் பூட்டி வைத்தது அந்தப் பத்திரிகையைத்தான். அடுத்த ஆடியில் சங்கத்தின் இரண்டாம் இதழும் சந்தை நோட்டீஸும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. அவர் சுரப் பாட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாட்டுக்காரங்க காத்துட்டிருக்காங்கப்பா" என்றார் முதலாளி.

"மாடு கட்டித்தானுங்க கெடக்குது. அந்தத் தம்பி வேலை முடியட்டுங்க" என்று கமா அறைக்குள் கையை விட்டார் வெள்ளியங்கிரி.