கண் திறக்காத பாம்பு

எங்கள் வீட்டில் எதையும் சுலபத்தில் நம்பிவிடமாட்டார்கள். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலில் அம்மா விரலை விட்டுப் பார்ப்பாள். அப்பா தண்ணீர் இலாகாவில் மீட்டர் படிக்கிறவர். யார் வீட்டுக் குழாயில் எவ்வளவு தண்ணீர் போகிறது, யார் வீட்டு மீட்டர் மட்டும் அடிக்கடி கெட்டுப்போகிறது என்பதெல்லாம் தெரிந்தவர் என்பதால், அவர் கண்ணுக்கு மலாக்காவில் யோக்கியர்கள் மிகவும் குறைவு. நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே கொண்டாட்டமாகப் பேசிக்கொண்டிருந்த வருடம் அது. அதற்குக்கூட அவர், "வரட்டும், பார்ப்போம்" என்றுதான் சொன்னார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான், முதன்முதலாக முழுமனதோடு நம்பியது காஜா பெராங்கில் வரப்போகிற தண்ணீர் விளையாட்டுப் பூங்காவைத்தான்.

செங்கல் சூளைக்காக மண் தோண்டிப் போட்டிருந்த பழைய பள்ளத்தை தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளி வாங்கி, சுற்றிலும் தகர வேலி அடைத்து, வாசலில் பெரிய பலகை ஒன்றை நிறுத்தினார். பலகையில் ஐந்து தலைப் பாம்பு படம் எடுத்து நின்றது. நடுத்தலையின் வாய் திறந்து, அதிலிருந்து சிவப்பு நாக்கு ஒன்று நீளமாகக் கீழே இறங்கி நீல நிறத் தண்ணீரில் முடிந்தது. அந்த நாக்கின் மேல் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு சறுக்கினார்கள். பாம்பைத் தவிர ஆமை, முதலை, கடல்கன்னி எல்லாம் உண்டு. கடலுக்கு அடியில் இருக்கும் உலகம் என்று தவுக்கே சொல்லிக்கொண்டிருந்தாராம். சுதந்திரத்துக்கு முன்னால் திறந்துவிடுவோம் என்று மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. தமிழில் இல்லை. நம்மை உள்ளே விடுகிற உத்தேசம் இல்லை போலிருக்கிறது என்று அப்பா அன்றைக்கே சந்தேகத்தைத் தொடங்கி வைத்தார்.

அதற்கப்புறம் ஆளுக்கு ஒன்றாகச் சந்தேகப்பட்டார்கள். இவ்வளவு பெரிய தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், பெரிய குழாயில் திருட்டுத்தனமாக ஓட்டை போடத்தான் போகிறான் என்றார் அப்பா. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஒரே தண்ணீரில் ஊறினால் சொறி வரும், சளி வரும் என்றாள் அம்மா. பக்கத்துக் கம்போங் செட்டிக் குடியிருப்பிலிருந்து கபாயாவும் சாரோங்கும் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் பூ வாங்க வரும் அம்மாள், அந்தப் பள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாத பழைய குடி இருக்கிறது, யாரைக் கேட்டுத் தோண்டுகிறார்கள் என்று மலாயில் கேட்டுவிட்டுப் போனார். நான் யாருக்கும் காது கொடுக்கவில்லை. ஆனால் அத்தையின் சந்தேகத்துக்கு மட்டும் எனக்குப் பயம் இருந்தது, ஏனென்றால் அத்தை பிடித்தால் விடமாட்டாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். அவள் ஜாதகத்தில் நாக தோஷம். ஒரு முறை நிச்சயம் ஆகி, பாக்கு வெற்றிலை மாற்றி, கல்யாணத்துக்குப் பந்தல்காரரிடம் சொல்லியும் வைத்த பிறகு, மாப்பிள்ளை காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை. ஊரில் அதைச் சுற்றி வளைத்துப் பேசினார்கள். தன் தோஷம்தான் அவரைக் கொண்டுபோனது என்று அத்தை அப்படியே நம்பினாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலில் பாம்புக் கல்லுக்குப் பால் ஊற்றுவாள். அவளிடம் போய், பாம்பின் நாக்கில் பிள்ளைகள் சறுக்கப்போகிறார்கள் என்றால் விடுவாளா?

ஒரு சாயங்காலம், "வா, அந்தப் பாம்பை என்னன்னு பார்த்துட்டு வரலாம்" என்று என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். தகர வேலியில் ஒரு இடைவெளி இருந்தது. உள்ளே போனால், சாரத்தின் மேல் ஒருவர் உட்கார்ந்து பாம்பின் கழுத்துக்குச் செதில் போட்டுக்கொண்டிருந்தார். கிள்ளான் பக்கத்துக்காரர். கோயில் கோபுரங்களில் சுதை பொம்மை செய்கிறவர், இந்த வேலைக்காகத் தவுக்கே கூட்டி வந்திருந்தார். தலைமயிர் எல்லாம் சிமெண்டுத் தூள். பாம்பு மிக நன்றாக இருந்தது. ஐந்து தலையிலும் கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக மொழுக்கென்று இருந்தது.

அத்தை வணக்கம்கூடச் சொல்லவில்லை. "இதுக்குக் கண்ணு வைக்கப் போறீங்களா?"

"வைக்காம? குருட்டுப் பாம்புக்கா தவுக்கே சம்பளம் கொடுப்பாரு?"

"கண்ணைத் திறந்துட்டா அது பொம்மை இல்லீங்க. அது நாக்கைப் பிள்ளைங்க மிதிக்கலாமா?"

அவர் கீழே இறங்கி வந்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, ஏதோ பெரிய அதிகாரிக்குப் பதில் சொல்வதுபோல, யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

அதனால் மறுநாளும் போனோம். அவர் இன்னும் யோசித்து முடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் முடிக்கவில்லை. இவ்வளவு பெரிய பாம்பைச் செய்தவருக்குக் கண் விஷயத்தில் மட்டும் புத்தி இவ்வளவு மெதுவாக ஓடுவதைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வந்தது. அத்தை அதட்டிக்கொண்டே இருந்தாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அத்தை பாத்திரத்தில் பணியாரம் எடுத்து வந்தாள். லஞ்சம் கொடுத்துக் காரியம் சாதிக்கப் பார்க்கிறாள் என்று புரிந்துகொண்டேன். அவரும் வெட்கமில்லாமல் வாங்கித் தின்றார். தவுக்கே தினமும் வந்து "பிலா சியாப்?" என்று கத்துவார். எப்போதுதான் முடிப்பாய் என்கிற அந்தக் கேள்விக்கு இவர் சாரத்தின் மேலிருந்தே "பெசோ, தவுக்கே, பெசோ" என்று நாளைக்கு நாளைக்கு என்பார். அந்த நாளை வராமல் இருப்பதற்கு அத்தையும் அவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. என் சறுக்கு கண்ணெதிரே பறிபோய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் நான் சிமெண்டு ஆமையின் முதுகில் உட்கார்ந்திருந்தேன். அத்தை அன்று அதட்டவில்லை. குரலைத் தாழ்த்தி, "என் ஜாதகத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

"தெரியும். நான் கேக்காமலே ஊர்ல சொன்னாங்க" என்றார் அவர். "நான் சின்ன வயசிலேர்ந்து பாம்புதான் செஞ்சுக்கிட்டு இருக்கேன். எத்தனை கோயில், எத்தனை பாம்பு. அதுங்க என்னை என்ன செஞ்சிடும்?"

"பேசாதீங்க. கண்ணைத் திறக்கிறவங்க மேலதான் அதோட முதல் பார்வை விழும். உங்களுக்குத் தெரியாததா?"

"கோயில்ல எதிர்ல கண்ணாடியைக் காட்டுவோம், இல்ல கன்னுக்குட்டியை நிறுத்துவோம், முதல் பார்வை அதுல போயிடும். இங்க கண்ணாடிக்கும் கன்னுக்குட்டிக்கும் நான் எங்க போறது? விடுங்க, நான் பார்த்துக்கறேன்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோள் சொல்லவில்லை, அந்த ஆள் அடிக்கிற பெருமையைத்தான் சொன்னேன். பாம்பு தன்னை ஒன்றும் செய்யாது என்கிறார், அத்தையின் ஜாதகமும் தெரியும் என்கிறார், பெரிய இவர். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அத்தை சமையலறைக்குள் எழுந்து போனாள்.

மறுநாள் அப்பா இலாகாத் தொப்பியோடு பூங்காவுக்கு வந்தார். குழாயைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். குழாயை ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான். பிறகு அந்த மனிதரிடம் சொந்த ஊர் எது, தாய் தகப்பன் இருக்கிறார்களா, கூடப் பிறந்தவர்கள் என்ன செய்கிறார்கள், சீட்டாட்டம் உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். ஒரு குழாய்க்கு இவ்வளவு விசாரணை தேவையா என்று எனக்கு அப்போதே தோன்றியது. அவரும் ஏன் என்று கேட்காமல், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அத்தையைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். கூடத்தில் இருந்த எனக்கு அத்தையின் பதில் மட்டும்தான் கேட்டது. "வேணாம்ணே. என்னால இன்னொரு உயிர் போக வேணாம்." சறுக்கிலிருந்து விழுந்து ஏதாவது பிள்ளை செத்துப்போகும் என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். நான் நன்றாகப் பிடித்துக்கொள்வேன் என்று உள்ளே போய்ச் சொன்னேன். அத்தை என் தலையைத் தடவிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பூங்காவுக்குப் போகவில்லை.

ஊரெல்லாம் கொடி கட்டத் தொடங்கிவிட்டார்கள். தவுக்கேக்குப் பொறுமை போய்விட்டது. நாளைக் காலையில் கண் வைக்காவிட்டால் வேறு ஆளை வைத்துக் கறுப்புச் சாயம் அடித்துவிடுவேன், எங்கள் சிங்க ஆட்டத்துச் சிங்கத்துக்கெல்லாம் கண் வைக்கிறோமே, யார் செத்தது என்று மலாயில் கூச்சல் போட்டுவிட்டுப் போனாராம். கண் வைக்கிற அன்றைக்கே தண்ணீரும் விட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. மீட்டர் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்க்கவேண்டியது அப்பாவின் பொறுப்பு. நான் அழுது அடம்பிடித்து அவர் சைக்கிளில் ஏறிக்கொண்டேன்.

நாங்கள் போனபோது பாம்பு செய்தவர் ஏணியில் ஏறி, தூரிகையோடு நடுத்தலைக்கு நேராக நின்றிருந்தார். தவுக்கே கீழே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் தகர வேலி இடைவெளியில் அத்தை வந்தாள். தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டச் சொட்ட, பெட்டியில் பூட்டி வைத்திருந்த அரக்குப் பட்டைக் கட்டியிருந்தாள். நிச்சயத்துக்கு எடுத்த புடவை அது. நேராகத் தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் இறங்கிப் போய், பாம்பின் நாக்கு வந்து முடிகிற இடத்தில், ஐந்து தலைக்கும் எதிரே நின்றாள்.

"என்ன இது, தள்ளிப் போங்க" என்றார் அவர் ஏணியிலிருந்து.

"நீங்க பக்கவாட்டில ஒதுங்கி நின்னு வைங்க. அது என்னைப் பார்க்கட்டும்."

"என்ன பேச்சு இது?"

"என்னைத்தான் அது ஏற்கனவே பார்த்தாச்சே. புதுசா என்ன செய்யப் போகுது? வைங்க."

தவுக்கேக்கு ஒன்றும் புரியவில்லை, அப்பாவைப் பார்த்தார். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏணியில் நின்றவர் கடைசியில் உடம்பை ஒருபக்கமாக ஒதுக்கி, கையை மட்டும் நீட்டிக் கறுப்பு வைத்தார். அத்தனை நாள் சாரத்தின் மேல் உட்கார்ந்து, ஒரு செதில் கோணாமல் வேலை செய்த கைக்கு அன்று கோடு பிசகியது. ஒரு கண் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாகிவிட்டது. ஒவ்வொரு தலையாக எல்லாக் கண்களும் திறந்து முடிகிறவரை அத்தை அவற்றை நிமிர்ந்து பார்த்தபடி நின்றாள். எனக்கோ ஒரே ஆத்திரம். நான் சறுக்கி வந்து விழவேண்டிய இடத்தில் வேண்டுமென்றே மறித்துக்கொண்டு நிற்கிறாளே என்று, "அத்தை, நகருங்க அத்தை" என்று கத்தினேன். யாரும் என்னை அதட்டவில்லை.

அப்பா போய்க் குழாயைத் திறந்தார். நாக்கின் மேல் தண்ணீர் சலசலவென்று இறங்கி வந்து அத்தையின் காலை நனைத்தது. அவள் அப்போதும் அசையவில்லை. அவர் ஏணியை விட்டு இறங்கி, தூரிகையைக்கூடக் கீழே வைக்காமல், தண்ணீரில் நடந்துபோய் அவள் பக்கத்தில் நின்றார். அப்பா மீட்டரைப் பார்க்கவே மறந்துவிட்டார். போகும்போது அவரிடம், "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

பூங்காவும் ஒருவழியாகத் திறந்தது. எங்களை உள்ளே விட்டார்கள். சறுக்கினேன். நாக்கு அவ்வளவு வழவழப்பாக இல்லை, தொடை சிராய்த்துவிட்டது. அம்மா சொன்னபடி சளியும் பிடித்தது. அப்பா சொன்னபடி எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. பாம்பின் வாலடியில் யாரோ முட்டையும் பாலும் வைக்க ஆரம்பித்தார்கள். கூட்டம் வருகிறதே என்று தவுக்கே கண்டுகொள்ளவில்லை. ஆனால் எனக்கு அதைவிட அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எங்கள் குளியலறைச் சிமெண்டுத் தொட்டி அப்போது ஒழுகிக்கொண்டிருந்தது. அதை அடைக்கத்தான் அப்பா அவரை வரச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். அவர் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். கையில் வாழைப்பழச் சீப்பும் பூவும் இருந்தன. சாந்து பூசுகிற கரணை இல்லை, சட்டி இல்லை. கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார். தொட்டி இருக்கும் பக்கமே திரும்பவில்லை. பணியாரத்தை வாங்கித் தின்றுவிட்டுக் கண்ணைத் திறந்த ஆள்தானே, இங்கேயும் ஏமாற்றத்தான் வந்திருக்கிறார் என்று தூணோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமையலறைக்குள்ளிருந்து அத்தை என்னைச் சைகையால் கூப்பிட்டாள். காலையிலிருந்து அவள் வெளியே வரவில்லை. என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "அவருக்கு உடம்பு நல்லா இருக்கா? காய்ச்சல் கீய்ச்சல் இருக்கிற மாதிரி இருக்கா? கிட்டப் போய்ப் பார்த்துட்டு வா" என்றாள்.

போய்க் கிட்ட நின்று அவரை மேலும் கீழும் பார்த்தேன். நெற்றியில் கைகூட வைத்துப் பார்த்தேன். அவர் ஏன் என்று கேட்காமல் குனிந்து காட்டினார். திரும்பி வந்து, "நல்லாத்தான் இருக்காரு. கரணைதான் கொண்டு வரல" என்று அத்தையிடம் சொன்னேன்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு தொட்டி ஒழுகுவதற்காகவா ஒருத்தி இப்படி அழுவாள் என்று எனக்கு அதிசயமாக இருந்தது. விடுங்க அத்தை, அடுத்த வாரம் வேறு ஆளைக் கூட்டி வந்து அடைத்துக்கொள்ளலாம் என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.