சத்தக்கார அக்கா அடிக்காத வரி

"நாளைக்குப் பேப்பர்ல வந்தப்புறம் சண்டைக்கு வந்து பிரயோஜனம் இல்ல. இப்பவே காது குடுத்துக் கேளுங்க" என்பார் சத்தக்கார அக்கா. பத்திரிகை அலுவலகத்தின் மரண அறிவிப்புப் பிரிவில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் எப்போதும் அவருடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு அறிவிப்பையும் நின்றுகொண்டு, பெயர் பெயராக விரல் வைத்து, அடுத்த அறைக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டுவார். என்றோ ஒரு மருமகளின் பெயர் விட்டுப்போய், அந்தக் குடும்பமே இரண்டாக உடைந்ததிலிருந்து இந்தப் பழக்கம்.

காதில் சிவப்புப் பேனா. 'அன்பே உருவான' என்று எழுதி வந்தால் அடித்துவிடுவார். "எல்லா அம்மாவும் அப்படித்தான். உங்கம்மா என்ன பண்ணுவாங்க, அதச் சொல்லுங்க." வந்தவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசிப்பார்கள். "வாசல்ல செருப்பு கோணலாக் கெடந்தா அவங்களுக்குத் தூக்கம் வராது" என்பார்கள். சொல்லும்போதே சிரிப்பும் வந்துவிடும்.

இந்த வாரம் அக்காவின் அம்மாவே இறந்துபோனார். தொண்ணூற்றொரு வயது. கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் அக்காவின் அண்ணன் நின்றார், தலைமையாசிரியர். தன் வீட்டு அறிவிப்பில் ஊழியர் தானே கையெழுத்துப் போடக் கூடாது என்பது அலுவலக விதி. அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் ஐந்து மணிக்குள்.

'பொறுமையின் இலக்கணமாய் வாழ்ந்த இல்லத்தரசி' என்று அண்ணன் எழுதி வந்திருந்தார். அக்கா அதை முழுசாக அடித்தார். 'மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாற்பத்தோர் ஆண்டு உழைத்தவர்' என்று எழுதி, அந்த வரி சேர்ந்த நாளைய பக்கத்தின் முழு அச்சுப்படியையே எடுத்துவந்து கவுண்ட்டரில் விரித்துவிட்டார்.

"அத எதுக்கு ஊருக்குச் சொல்லணும்? ரத்தத் துணி தொவச்சாங்கன்னு போட்டா பேரன் பேத்திங்களுக்கு மரியாதையா இருக்குமா?"

"தொவச்சாங்கல்ல? அவங்களே ஒளிச்சதில்ல, நீ யாருண்ணே ஒளிக்க? பொறுமையாம் பொறுமை. கையுறை குடுக்கலன்னு மேலதிகாரி ரூம் வாசல்லயே அழுக்கு மூட்டைய எறக்கி வச்சவங்க அவங்க."

அண்ணனின் உதடு துடித்தது. கோபமா சிரிப்பா தெரியவில்லை. அக்காவுக்கு ஒரே பயம்தான்: அம்மாவை வேறு யாரோ ஒருத்தியாக்கி அனுப்பிவைத்துவிடுவார்களோ என்று.

அவர்கள் வீட்டில் யார் சண்டை போட்டாலும் அம்மா ஒரு போர்வையை எடுத்து ஆளுக்கு இரண்டு முனை கொடுப்பார். வாய் திறக்கக் கூடாது, மடிக்க வேண்டும். பாதி, பாதியில் பாதி என்று மடித்து வருவதற்குள் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் மூக்கோடு மூக்கு வந்து நிற்பார்கள். மகனும் மகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். ஒன்பது பேரப்பிள்ளைகளில் ஒருவரும் தப்பவில்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அக்கா அறிவிப்பை வாசிக்கத் தொடங்கினார். சலவைக்கூடத்து வரியை ஒருமுறை வாசித்தார். விடவில்லை, அந்த வரியை மறுபடியும் வாசித்தார், முன்னைவிடச் சத்தமாக. அடுத்த அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"அந்த வரிய எடுத்துரு" என்றார் அண்ணன்.

"மாட்டேன்."

அச்சுப்படியின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் கவுண்ட்டருக்கு மேலே நீட்டினார் அக்கா. "பிடிண்ணே."

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பிடித்தார். அறிவிப்பும் கையெழுத்துப் போட வேண்டிய இடமும் மேலே தெரியும்படி இருவரும் பேசாமல் மடித்தார்கள். நேருக்கு நேர் வந்ததும் அக்கா காதிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அண்ணன் கையில் வைத்தார்.