நைனா என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற நாள்

ஆந்திராவோடு எல்லைத் தகராறு நடந்தபோது என் கணவர் திருத்தணியை மதராஸோடு சேர்க்கச் சொல்லி ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார். புத்தூரில் என் பிறந்த வீட்டிலிருந்த நைனா ஆந்திராக் கட்சி; அவருக்கு அது பிடிக்கவில்லை. வாய்ச்சண்டை முற்றி, இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தே நின்றுபோனது.

ஒரு வருடம் கழித்து, மனசு கேட்காமல் நான் மட்டும் போனேன். நைனா வாசலில் நின்றிருந்தார். கண் என் மேலேயே இருந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவரே முதலில் பேசட்டும் என்று நானும் வீம்பாக நின்றேன். பிறகு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, திருத்தணி மதராஸுக்குப் போன பிறகு, நைனா கிணற்றங்கரையில் தடுக்கி விழுந்ததாக ஆள் வந்து சொன்னான். நான்தான் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் சொன்னார். கண்ணில் குறையில்லை, கண் பார்ப்பதை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புதான் காய்ந்துவிட்டது, பார்வை போய் மூன்று வருடமாவது ஆகியிருக்கும் என்றார்.

வெளியே வந்ததும் நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யாருக்கும் சொல்லாம சமாளிச்சிக்கினு இருந்தேன். ஒருவாட்டி வாசல்ல கொலுசு சத்தம் கேட்டுச்சு. நீன்னுதான் நெனச்சேன். நீயா இருந்தா நைனான்னு கூப்பிட்டிருப்பியேன்னு வுட்டுட்டேன்.”