கூலி கேட்ட வீரக்குட்டி

வீரக்குட்டிக்குச் சினிமாவில் நடிக்கும் ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. ஆசை முழுக்க மனைவி தங்கேஸ்வரிக்குத்தான். 1986 ஓகஸ்ட்டில், ஹோட்டலில் அவரோடு கோப்பை கழுவும் கயானாக்காரன் றொபேட் அவரைப் படப்பிடிப்புக்குக் கூட்டிப்போகிறான் என்று கேள்விப்பட்டதும், பார்க்டேலில் அவர்கள் குடியிருந்த கட்டடம் முழுக்க ஏறி இறங்கிச் செய்தி பரப்பிவிட்டாள். படம் வந்தால் எல்லோரையும் கூட்டிப்போவதாக வாக்கும் கொடுத்தாள். இனி மனிதர் திரையில் தெரியாமல் போனால் அவள் அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியாது.

படம் கரும்புத்தோட்டத்து அடிமைகளைப் பற்றியது. வெப்பத்தீவு ஒன்றில் நடக்கிற கதையை இந்தக் குளிர்நாட்டில், ஒஷாவா நகருக்கு அப்பால் ஒரு சோளக்காட்டில் எடுத்தார்கள். சோளத்தைக் காட்டிக் கரும்பு என்றால் வெள்ளைக்காரன் நம்புவான்; ஊரில், கந்தளாயில் பத்து வருடம் கரும்பு வெட்டிய வீரக்குட்டி எப்படி நம்புவார்? ஆனாலும் வாயை மூடிக்கொண்டு, கந்தல் உடுப்போடு பின்வரிசையில் நின்றார். கறுப்பு மனிதர்கள் நாற்பது பேருக்கு நடுவில் அவருடைய நிறமும் பொருந்தித்தான் போயிற்று.

அவர் கையில் கத்தியைக் கொடுத்ததுதான் தப்பு. கமெராவுக்காக நாலு வெட்டு வெட்டச் சொன்னார்கள். இனிப்பு அடிக்கட்டையில்தான் என்று பழகிய கை அது. மனிதர் குனிந்து மண்ணோடு அரிந்துகொண்டே போய், மத்தியானக் காட்சிக்கு வைத்திருந்த காட்டையும் மொட்டையடித்துவிட்டார். இன்னொரு பிழை விட்டால் படத்தில் இடமில்லை என்று உதவி டைரக்டர் பெண் விரலை ஆட்டினாள். வீரக்குட்டிக்கு இங்கிலீஷ் மட்டுமட்டு. விரல் நன்றாக விளங்கியது.

அடுத்த காட்சியில் அடிமைகளுக்கு விடுதலை. இனி வேலை செய்யமாட்டோம் என்று அவர்கள் நிற்க, நீங்கள் இல்லாவிட்டால் இந்தியாவிலிருந்து ஆள் இறக்குவேன் என்று கங்காணி குதிரையில் இருந்து கத்தவேண்டும். அந்த நீட்டு வசனத்தில் ஒரேயொரு சொல்தான் வீரக்குட்டிக்குப் பிடிபட்டது. கூலி.

கடைசியில் இந்தப் பாவங்களுக்குச் சம்பளம் கொடுக்கப் போகிறான் என்று அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, குதிரைக்குக் கீழே நின்று கையை நீட்டினார்.

கமெரா நின்றது. வீரக்குட்டியைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். தங்கேஸ்வரிக்கு என்ன சொல்வது என்று அவர் யோசிக்கத் தொடங்கினார்.

ஏன் கையை நீட்டினாய் என்று றொபேட் வந்து கேட்டான். தன் மொழியில் கூலி என்றால் சம்பளம் என்று அவர் கையாலும் வாயாலும் விளக்க, அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. அடிமைகள் போனபின் மதராசிலிருந்து கயானாவுக்குக் கப்பலில் இறக்கியவர்களில் தன் தாயின் முன்னோரும் இருந்தார்கள் என்றான். பள்ளிக்கூடத்தில் தன்னை அந்தச் சொல்லால்தான் நக்கலடித்தார்கள் என்றும், அது ஏதோ தூஷணம் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்ததாகவும் சொன்னான்.

வீரக்குட்டிக்குக் கோபம் வந்தது. உழைத்தவனுக்குக் கொடுக்கவேண்டியதன் பெயரை எடுத்து, உழைத்தவனையே பழித்திருக்கிறார்கள்.

"நீ கேள், றொபேட்," என்றார் தன் அரைகுறை இங்கிலீஷில். "உது கேக்கவேண்டிய சாமான்."

திரும்ப எடுத்தார்கள். கங்காணி அந்தச் சொல்லைக் கத்தியதும் றொபேட் முன்னால் வந்து கையை நீட்டினான். பக்கத்தில் நின்றவன் நீட்டினான். பிறகு எல்லோரும் நீட்டினார்கள். குதிரை இரண்டடி பின்வாங்கியது. கங்காணிக்கு வசனம் மறந்துபோயிற்று. நிறுத்தச் சொல்லி ஒருவரும் கத்தவில்லை.

அடுத்த வருடம் படம் வந்தது. தங்கேஸ்வரி இரண்டு வரிசைக்கு ஆள் சேர்த்துவிட்டாள். தன்னை விலக்கி இருத்தியதை மறைத்திருந்த வீரக்குட்டியும் கூடவே போனார். படம் முக்கால்வாசி ஓடியும் அவரைக் காணவில்லை.

"எங்கை தங்கேஸ், உம்மட மனுசன்?" என்று அதே கட்டடத்துப் பாலேஸ்வரி அன்ரி மெதுவாகக் குத்தினார்.

அப்போதுதான் திரை முழுக்கக் கைகள் நீண்டன. தங்கேஸ்வரி முன்னுக்குச் சாய்ந்து ஒவ்வொரு கையாகத் தேடினாள்.

"இதுக்குள்ள உங்கட கை எது?"

"எண்ட கை இல்ல," என்றார் வீரக்குட்டி. "முதல் கேட்டவன் நான்."