வலது காதில் வண்டு

வண்டைப் பற்றி மேடையில் பேச ஒப்புக்கொண்டபோது, வண்டு என்று ஒன்றை நான் உற்றுப் பார்த்ததே கிடையாது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. புத்தகங்களில் அது வரும் வரிகள் மனப்பாடம். சுரும்பு, தும்பி, ஞிமிறு, அளி என்று அதன் பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்குவேன். அரிசியில் விழுகிற வண்டு, தென்னங்குருத்தைக் குடைகிற வண்டு, பிள்ளைகள் தீப்பெட்டியில் அடைத்து வளர்க்கிற பொன்வண்டு ஆகியவை சொற்பொழிவுக்கு லாயக்கற்றவை என்று நானே தள்ளிவைத்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் தலத்தெருவில் கந்தசஷ்டி விழா. ஐப்பசி மழை விட்ட சாயங்காலம். என் தலைக்கு நேர் மேலே டியூப்லைட், அதைச் சுற்றி ஊர்ப் பூச்சி மொத்தமும்.

என் இடது காது சின்ன வயதில் சீழ் வைத்து, நான் வேலைக்குப் போகும் முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவது, வீட்டில் திட்டு வாங்குவது எல்லாம் வலது காதை நம்பித்தான்.

"வண்டின் ரீங்காரம் யாழிசையை ஒக்கும்" என்று மைக்கில் சொல்லி வாய் மூடவில்லை, அந்த வலது காதுக்குள் ஏதோ விழுந்தது. நடந்தது. குடைந்தது. யாழாவது ஒன்றாவது! மண்டைக்குள் டிராக்டர் விட்டுச் சேறடித்தார்கள். முதலில் வலிகூட இல்லை. என் தலைக்குள் என்னைத் தவிர இன்னொருவர் இருக்கிறார் என்ற திகில்தான். "ஐயய்யோ!" என்று மைக்கிலேயே அலறினேன். தலையை உதறினேன். ஒற்றைக் காலில் குதித்தேன்.

கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. தேன் குடித்து மயங்கிய வண்டை நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் பேச்சு சூடுபிடித்தால் முடியும்வரை பொறுக்க மாட்டார்கள், பாதியிலேயே பொன்னாடைதான். விழாச் செயலாளர் ஓடிவந்து போர்த்தினார். குதிக்கிறவனுக்குப் போர்த்தியதால் அது தலையோடு மூடிக்கொண்டது.

"காதுல வண்டு!" என்றேன் உள்ளேயிருந்து.

"பிரமாதம் வாத்தியாரய்யா! நிறுத்தாதீங்க, அப்படியே போங்க!"

முன்வரிசையில் இருந்த ஜவுளிக்கடை பாய் மேடையேறிப் பொன்னாடையை உருவினார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"யா அல்லா! நடிப்பில்ல செயலாளரே, மனுசனுக்கு நெசமாவே காதுக்குள்ள போயிடுச்சு!"

மகன் துபாயிலிருந்து அனுப்பிய டார்ச்சைக் காதருகே பிடித்தார். வெளிச்சத்தைக் கண்டால் பூச்சி வெளியே வரும் என்பார்கள். என் வண்டு இன்னும் உள்ளே போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காதில் எண்ணெய் ஊற்றினார். டிராக்டர் நின்றது. கூடவே எல்லாமே நின்றது. டாக்டரின் வாய் அசைகிறது, கூட வந்திருந்த என் மனைவியின் வாய் அசைகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. செவிட்டு வாத்தியாரை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்?

டாக்டர் இடுக்கியால் எதையோ எடுத்துப் பஞ்சில் சுற்றி மனைவியிடம் கொடுத்தார். காதையும் பஞ்சால் அடைத்தார். காலையில் அதை எடுத்துவிட்டு, பின்னால் நின்று மெல்லப் பேசிப் பாருங்கள் என்று அவளிடம் சொன்னாராம். கேட்டால் பிழைத்தது, கேட்காவிட்டால் தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

காலையில் அவள் என்னைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்தாள். காதுப் பஞ்சை எடுத்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பின்னாலிருந்து, ரகசியம் போல, அவள் குரல் வந்தது. ஓர் எழுத்து விடாமல் கேட்டது.

"ஏங்க, டாக்டரு எடுத்துக் குடுத்தத நல்லா பாத்துட்டேன். தேன் குடிக்கிற வண்டு இல்லீங்க, சாணி உருட்டுற வண்டு. அது தப்பான எடத்துக்குப் போவாதுங்க."